மூன்றாவது ஊசி

செவ்வாய், வியாழன், சனி.
சாட்ஸ்வர்த் ஆஸ்பத்திரி, இரண்டாம் மாடி.
ஏழாம் நாற்காலி எனக்கு,
எட்டாவது தோகோசிலேவுக்கு.
என் இடக்கை இயந்திரத்துக்கு. அவளுக்கு வலக்கை.
நான்கு மணி நேரம் அசைக்கக் கூடாது.
மிச்சம், நடுவே
பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும் இரண்டு கைகள்,
ஒரு வலது, ஒரு இடது,
ஒரே ஆளுடையவை போல.

வெளியே போன ரத்தம்
குளிர்ந்துதான் திரும்பி வரும்.
ஆஸ்பத்திரிக் கம்பளி முழங்காலோடு நின்றுவிடும்.
அப்படித்தான் ஆரம்பித்தது.
அவள் கொண்டுவந்தது
கஞ்சி மொடமொடப்பு போகாத நீல ஷ்வேஷ்வே.
நான், ஜேக்கப்ஸில் பதினொரு வருஷம்
பள்ளிக்கூடக் கால்சட்டை தைத்தபோது
மேஜைக்கடியில் விழுந்த சாம்பல் துண்டுகள்,
உடுத்த மனசே வராத ஒரு மாம்பழ நிறப் புடவை.
உள்ளே பஞ்சுக்குப் பதில் பழைய போர்வை.

சிஸ்டர் ம்கிஸே இடுப்பில் கைவைத்து நின்றாள்.
"உடம்பில் ஏற்கெனவே ரெண்டு ஊசி.
மூன்றாவது எதுக்கு?"
மறுவாரம் அவளே ஒரு மரவளையம் வாங்கி வந்தாள்.
இதில் இழுத்துப் பூட்டினால்
துணி தொய்யாது என்றாள்.
திருகுக்கு இரண்டு கை வேண்டும்,
ஒரே மனசோடு.
எங்களுடையவை எதிரெதிரே திருகின.
வளையம் இப்போது
சாக்கட்டியால் வட்டம் போட மட்டும்.

சட்டம் இல்லாத துணிக்கு
நடுவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.
சுருக்கத்தை ஓரத்துக்குத் தள்ளித் தள்ளி,
அங்கே என்ன ஆகிறதென்று
அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.
என் முழங்கால் ஒரு முனை, அவள் முழங்கால் மறு முனை,
நடுப் பள்ளத்தில் தொங்கும்.
மேலிருந்து நான் குத்துவேன்.
அடியில், நான் பார்க்காத இருட்டில்,
அவள் விரல் காத்திருக்கும்,
வாங்கி, இழுத்து, திருப்பி அனுப்பும்.
அவள் இறுக்குகிறவள். நான் தளர விடுகிறவள்.
முதல் வட்டம் பணியாரம் மாதிரி உப்பியது.

ஊசி பட்டால் "ஹாவ்!" என்பாள்.
ரத்தம் உறையாத மருந்து ஓடுகிற நேரம்,
ஒரு பொட்டு நிற்கவே அரைமணியாகும்.
அடித்துணியில் அவளுடையது ஏழு பொட்டு,
என்னுடையது ஒன்று.
நியாயமில்லை என்றாள்.
மாற்றிக்கொள்ளலாமா என்றேன்.
நாற்காலியையா, கையையா?

ஒருநாள் மின்வெட்டு.
ஜெனரேட்டர் இருமி எழும்வரை
இயந்திரங்கள் எல்லாம் கூவின.
ஊசி துணிக்குள் பாதி.
நான் விடவில்லை.
கீழிருந்து மெல்ல ஒரு இழுப்பு.
விட்டேன்.

ஆகஸ்டில் அட்டவணையை மாற்றினார்கள்.
அவள் காலை, நான் சாயங்காலம்.
எட்டாம் நாற்காலியில் மிஸ்டர் சின்னப்பன்.
அவருக்குக் கழுத்தில் குழாய், இரண்டு கையும் சும்மா,
இரண்டாலும் குதிரைப் பந்தயத் தாளைப் பிடித்திருக்கிறார்.

ஒட்டுப்போர்வை சிஸ்டரின் அலமாரியில்.
காலையில் அவள் அடியிலிருந்து குத்தி
ஊசியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போகிறாள்.
சாயங்காலம் நான் இழுத்து, கீழே குத்தி,
அந்தப் பக்கம் நுனி நீட்ட விட்டுப் போகிறேன்.
வாரத்துக்கு மூன்று தையல்.
ஒற்றைக் கையால் தனியாகவே தைக்கலாமே
என்றார் மிஸ்டர் சின்னப்பன்.
தைக்கலாம்.
வட்டத்துக்கு நூற்றுநாற்பது என்று
கணக்குப் போடத் தொடங்கி, நிறுத்திவிட்டேன்.

ஒரு வியாழன், ஊசி நான் விட்டபடியே
தலைகீழாய் இருந்தது.
சிஸ்டரைக் கேட்க வாய் வரவில்லை.
பக்கத்தில் குதிரைகளின் பெயர்கள்
ஒவ்வொன்றாய் ஓடிக்கொண்டிருந்தன.
துணிக்கடியில் என் கையையே விட்டுப் பார்த்தேன்.
முடிச்சுகள். காய்ந்த பொட்டுகள்.
பிறகு புரட்டினேன்.
இத்தனை மாதம் நான் பார்க்காத அவள் வரிசை
என்னுடையதைவிட நேர்.

சனிக்கிழமை ஊசி நிமிர்ந்திருந்தது.
டாக்சி ஸ்டிரைக் என்றாள் சிஸ்டர்.
சாக்கட்டி வட்டத்துக்கு
ஒரு விரற்கடை வெளியே குத்தியிருந்தாள்,
வேண்டுமென்றேதான்.

அவள் பின்னால் நானும்
கோட்டை விட்டேன்.